நகர மாயமும் காதலும் கலந்த நாவலை எடைபோடுவது எப்படி? ‘வார் ஃபார் தி ஓக்ஸ்’ வழியே ஒரு முழுமையான வழிகாட்டி

ஒட்டுமாங்கன்று வாங்கப் போகிறவர் இலையின் பளபளப்பைப் பார்த்து விலை பேசுவதில்லை. குனிந்து, ஒட்டுக்கட்டிய இடத்தைப் பார்ப்பார். அங்கே தண்டு இரண்டும் ஒன்றாகிவிட்டதா, வெறும் கட்டுத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்பதில்தான் அந்தக் கன்றின் எதிர்காலம் இருக்கிறது.

அர்பன் ஃபேண்டசி காதல் நாவல்களும் அப்படித்தான். ஒரு நகரம், ஒரு மாய உலகம், ஒரு காதல் என்று மூன்றை ஒட்டுக்கட்டி வளர்க்கும் வகை இது. ஆனால் இவற்றைப் பற்றி எழுதப்படும் விமர்சனங்களில் பெரும்பாலானவை “காதல் அருமை, மாயம் சுமார்” என்றோ, “மாய உலகம் பிரமாதம், காதல் இடையூறு” என்றோ நின்றுவிடுகின்றன. தனித்தனியாக மதிப்பெண் போட்டுக் கூட்டினால் இந்த வகை நாவலைப் பற்றி ஒன்றும் சொன்னதாகாது. ஒட்டு பிடித்திருக்கிறதா என்பதே கேள்வி. அதைக் கண்டுபிடிக்கும் முறையை ஒரே நாவலை வைத்துப் படிப்படியாகச் சொல்கிறேன்.

நாவல், அமெரிக்க எழுத்தாளர் எம்மா புல் எழுதி 1987இல் வெளிவந்த ‘வார் ஃபார் தி ஓக்ஸ்’. அறிவியல் புனைவுக்கும் மாயக்கதைக்கும் வழங்கப்படும் லோக்கஸ் விருதைச் சிறந்த முதல் நாவல் பிரிவில் பெற்றது. நிகழ்கால நகரத்துக்குள் தேவதைக் கதையைக் கொண்டுவந்த தொடக்ககால நாவல்களில் முக்கியமானது என்பதால், இந்த வகையின் பலமும் பலவீனமும் இதில் கலப்படமில்லாமல் தெரிகின்றன. கதையின் திருப்பங்கள் சிலவற்றை நான் உடைத்துத்தான் ஆகவேண்டும். முன்கூட்டித் தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் நாவலைப் படித்துவிட்டு வரலாம்.

கதைச் சுருக்கம் இது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸ் நகரில் வாழும் எடி மெக்கான்ட்ரி ஒரு ராக் இசைக்கலைஞர். உருப்படாத ஓர் இசைக்குழுவையும், அதை நடத்தும் காதலனையும் ஒரே இரவில் விட்டு விலகி நடந்து வீடு திரும்பும்போது, ஒரு மனிதனும் ஒரு பெரிய கறுப்பு நாயும் அவளைத் தொடர்கிறார்கள். அவர்கள் இருவரல்ல, ஒருவரே. அவன் ஒரு பூக்கா. உருமாறக்கூடிய தேவதை இனத்தான். சீலி அவை, அன்சீலி அவை என்ற இரண்டு தேவதைக் கூட்டங்கள் அந்த நகரத்துக்காகப் போரிடப் போகின்றன. அந்தப் போருக்கு ஒரு மனிதப் பிறவி தேவை. சீலி அவையினர் எடியைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். போர் முடியும்வரை அவளைக் காப்பது பூக்காவின் பொறுப்பு.

படி 1: எந்த அலமாரிப் புத்தகம் என்று முடிவுசெய்யுங்கள்

காதல் நாவலுக்கும், காதல் உள்ள மாய நாவலுக்கும் வாசகரோடு உள்ள ஒப்பந்தம் வேறு. முன்னதில் இருவரும் சேர்வார்கள் என்ற உறுதியோடுதான் வாசகர் முதல் பக்கத்தைத் திறக்கிறார். பின்னதில் நகரம் பிழைக்குமா என்பதே முதல் கவலை. ஒன்றின் அளவுகோலால் மற்றதை அளந்தால் அநியாயம் செய்கிறோம்.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. காதலை மனத்தளவில் நீக்கிவிட்டுக் கதையைச் சொல்லிப் பாருங்கள். ‘வார் ஃபார் தி ஓக்ஸ்’ நாவலில் போர் நிற்கும், இசைக்குழு நிற்கும், நகரம் நிற்கும். ஆனால் எடி ஏன் கடைசிவரை ஓடிப்போகாமல் நிற்கிறாள் என்பதற்குப் பாதிப் பதில் காணாமல் போகும். ஆகவே இது மாய நாவல்தான். ஆனால் அதன் முதுகெலும்பில் பாதி காதல். பாராநார்மல் ரொமான்ஸ் (அமானுஷ்யப் பிறவிகளோடு வரும் காதல் கதை) என்ற தனி வகை இன்றைய அளவுக்கு நிலைபெறாத காலத்தில் எழுதப்பட்டது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

படி 2: இரண்டு முறை படியுங்கள்

முதல்முறை பென்சில் வேண்டாம். எங்கே இரவு தூக்கத்தைத் தள்ளிப்போட்டீர்கள், எங்கே பக்கங்களைத் தாண்டிச் சென்றீர்கள் என்பது மட்டும் நினைவில் இருந்தால் போதும். இரண்டாம் முறை ஓரத்தில் மூன்று குறிகள் இடுங்கள்: நகரம் முக்கியமாக வரும் பக்கத்துக்கு ஒன்று, மாயத்தின் விதி சொல்லப்படும் பக்கத்துக்கு ஒன்று, காதலர் இருவருக்குள் ஏதாவது மாறும் பக்கத்துக்கு ஒன்று. முடித்தபின் மூன்று குறிகளும் ஒரே பக்கத்தில் கூடும் இடங்களைப் பாருங்கள். அவைதாம் ஒட்டுக்கட்டிய இடங்கள். ஒரு நாவலில் அப்படிப்பட்ட பக்கமே இல்லையென்றால், நீங்கள் படித்தது ஒரே அட்டைக்குள் கட்டப்பட்ட இரண்டு கதைகள்.

படி 3: நகரத்தின் பெயரை மாற்றிப் பாருங்கள்

மினியாபொலிஸ் என்று வரும் இடத்திலெல்லாம் சிகாகோ என்று போட்டால் கதை அசையுமா? அசையாவிட்டால் நகரம் வெறும் திரைச்சீலை.

எம்மா புல் இந்தச் சோதனையில் நன்றாகவே தேறுகிறார். முன்கதைப் பகுதியே நிக்கலெட் மால் என்ற கடைவீதியில் தொடங்குகிறது. பகலில் அலுவலகக் கூட்டம் நிறைந்த இடம், இரவில் வெறிச்சோடியது. அதன் ஓரத்தில், ஆர்க்கெஸ்ட்ரா ஹால் பக்கத்தில், பீவி பிளாசா என்ற பள்ளமான சதுக்கம். 1975இல் திறக்கப்பட்ட, கான்கிரீட் படிகளும் நீரூற்றும் கொண்ட இடம். மதிய இடைவேளையில் ஊழியர்கள் சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்கும் அந்தப் படிகளில், இரவில் நீரிலிருந்து எழும் ஒரு பெண்ணுருவமும் பூக்காவும் போருக்கு மனிதப் பிறவியைத் தேடுவதைப் பற்றிப் பேசுகிறார்கள். பழைய கதைகளில் சுனையில் எழ வேண்டியவள் மாநகராட்சி நீரூற்றில் எழுகிறாள். அந்த ஒரு மாற்றத்திலேயே இந்த வகை நாவலின் முழு ஆசையும் அடங்கியிருக்கிறது.

பின்பு, முதல் போர் மின்னஹாஹா அருவியருகே. ஊருக்குள்ளேயே ஒரு பூங்காவில், ஏறத்தாழ 53 அடி உயரத்திலிருந்து விழும் அருவி அது. கடைசி மோதல் ஃபர்ஸ்ட் அவென்யூ என்ற இசைக்கூடத்தில். அந்தக் கட்டடம் 1937இல் பஸ் நிலையமாகக் கட்டப்பட்டு 1970இல் இசைக்கூடமானது. பாடகர் பிரின்ஸின் பெயரோடு உலகறிந்தது. பிரின்ஸ் மட்டுமல்ல, தி ரீப்ளேஸ்மென்ட்ஸ், ஹஸ்கர் டூ போன்ற குழுக்களும் அந்த எண்பதுகளில் மினியாபொலிஸ், செயின்ட் பால் என்ற அந்த இரட்டை நகரங்களிலிருந்து கிளம்பியவை. கிட்டார் தூக்கிய ஒரு பெண்ணால் ஒரு நகரத்தின் தலைவிதி மாறும் என்று எழுத, அந்த ஆண்டுகளின் மினியாபொலிஸைவிடப் பொருத்தமான ஊர் அரிது. பெயரை மாற்றினால் கதை சரிந்துவிடும். இது பெரிய பலம்.

இதே படியில் ஒரு பலவீனமும் கிடைக்கிறது, அது எனக்கு இரண்டாம் வாசிப்பில்தான் உறைத்தது. மினியாபொலிஸ் என்ற பெயரின் முதற்பாதி டகோட்டா மொழியில் நீரைக் குறிக்கும் சொல். மின்னஹாஹா என்பதும் அதே மொழியிலிருந்து வந்ததுதான். அது டகோட்டா மக்களின் மண். அந்த மண்ணுக்காகப் போரிடுபவர்களோ ஸ்காட்லாந்து, அயர்லாந்து நாட்டார் கதைகளிலிருந்து வந்த தேவதைகள். குடியேறியவர்களின் கதைமாந்தர்கள் நகரத்தைப் பங்குபோட, அருவிக்குப் பெயர் வைத்தவர்களுக்குப் போரின் மையத்தில் இடமில்லை. நகரத்தை இவ்வளவு நேசித்து எழுதிய நாவல் என்பதாலேயே இந்த வெற்றிடம் பெரிதாகத் தெரிகிறது. நகரத்தைத் திரைச்சீலையாக மட்டும் வைத்த நாவலிடம் இந்தக் கேள்வியையே நாம் கேட்டிருக்க மாட்டோம்.

படி 4: மாயத்துக்கு என்ன விலை என்று கேளுங்கள்

இந்த வகை நாவலில் மாயம் எவ்வளவு பிரமாண்டம் என்பது முக்கியமில்லை. என்ன விதி, அந்த விதிக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். நாவலின் முதல் கால்பகுதியில் அந்த விதியை ஒரே வாக்கியத்தில் உங்களால் எழுத முடிய வேண்டும்.

இங்கே எழுத முடிகிறது: தேவதைகள் சாவதில்லை, ஆனால் போர்க்களத்தில் ஒரு மனிதப் பிறவி இருந்தால் அவர்கள் சாகக்கூடியவர்கள் ஆகிறார்கள்.

இந்த விதியை நிதானமாக யோசித்துப் பாருங்கள். எடி எதற்காகத் தேவைப்படுகிறாள்? அவளுக்கு மந்திரம் தெரியும் என்பதற்காக அல்ல. அவள் யாருடைய மறுபிறவியும் அல்ல. அவள் சாகக்கூடியவள், அது மட்டுமே அவள் தகுதி. சாவில்லாதவர்களின் போர் வெறும் விளையாட்டு. அவள் வந்து நின்றால்தான் அதில் வெற்றியும் தோல்வியும் உண்டாகின்றன. மரணத்தை இழிவாகக் காட்டாமல், அதையே மனிதரின் ஆற்றலாக்கும் இந்த யோசனையை நான் மிகவும் மதிக்கிறேன்.

இனி அந்த விதியைக் காதலோடு சேர்த்துப் பாருங்கள். பூக்கா எடியை நேசிக்கத் தொடங்குகிறான். அவள் களத்தில் நிற்பதாலேயே அவன் சாகக்கூடியவன் ஆகிறான். அவளைத் தேர்ந்தெடுத்து அந்த ஆபத்துக்குள் இழுத்துவந்தவனும் அவனே. காதல், மாயத்தின் விதி, நகரத்துக்கான போர் மூன்றும் ஒரே முடிச்சில் விழுகின்றன. ஒட்டு பிடித்திருக்கிறது என்று நான் சொல்வது இதைத்தான். வேறு நாவல்களைப் படிக்கும்போதும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: மாயத்தின் விதி மாறினால் காதலின் சிக்கலும் மாறுமா? நாயகன் ரத்தம் குடிப்பவனாக இல்லாமல் கோபக்காரப் பணக்காரனாக இருந்தாலும் கதை அப்படியே நடக்கும் என்றால், மாயம் அங்கே வெறும் உடை அலங்காரம்.

தமிழ் வாசகருக்கு இந்தப் படியில் ஒரு சின்னச் சிரமம் உண்டு. புளியமரத்துப் பேய்க்கு என்ன விதி என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை; பூக்காவும் சீலி அவையும் அப்படியல்ல. அதனால், புரியாத இடம் வந்தால் அது நாவல் விளக்கத் தவறியதா, அந்த ஊர்க்காரர்கள் சிறுவர் கதையிலேயே தெரிந்துகொண்டிருக்கும் விஷயமா என்று பிரித்துப் பார்த்துவிட்டுக் குறை சொல்லுங்கள்.

படி 5: காதலை அதிகாரக் கணக்கோடு படியுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஒருவர் நூற்றாண்டுகள் வாழ்ந்தவர், உருமாறுபவர், வலிமை மிக்கவர். மற்றவர் வாடகை கொடுக்கத் திணறும் இளம்பெண். இந்த ஏற்றத்தாழ்வு இந்த வகை நாவல்கள் பலவற்றில் இருக்கிறது. அதை நாவல் கவர்ச்சியாக்குகிறதா, கேள்வி கேட்கிறதா என்று பாருங்கள்.

மூன்று இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நாயகி ‘முடியாது’ என்று சொல்லும் முதல் இடம். அப்போது என்ன நடக்கிறது? நாயகன் மறைத்த உண்மை வெளிவரும் இடம். அதற்கு அவன் என்ன இழக்கிறான்? நாயகியின் முடிவு நாயகனின் போக்கை மாற்றும் இடம்; அப்படி ஓர் இடம் இருக்கிறதா?

எடி முதல் இரவே ‘முடியாது’ என்கிறாள். அது செல்லுபடியாகவில்லை. அவள் சம்மதம் கேட்கப்படாமலே போரில் சேர்க்கப்படுகிறாள். காவலன் என்ற பெயரில் ஒருவன் அவள் வீட்டுக்குள் குடியேறுகிறான். இன்றைய வாசகருக்கு இது உறுத்தும், உறுத்தவும் வேண்டும். “அந்தக் காலத்து நாவல்” என்று சொல்லி இதைக் கடந்துபோகாதீர்கள்.

ஆனால் நாவல் இந்த அநியாயத்தை மறக்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எடி கடைசிவரை அதைச் சொல்லிக்காட்டுகிறாள். பூக்காவும், நேசம் வளர வளர, தான் செய்ததன் கனத்தை உணர்கிறான். அவனுக்கு அவள்மேல் உள்ள காதலும் குற்றவுணர்ச்சியும் சேர்ந்தே வளர்கின்றன. அவன் அவளுக்குப் போரின் விதிகளைக் கற்றுத்தருகிறான், கேள்வி கேட்கத் தூண்டுகிறான். சீலி அவையின் மேட்டுக்குடிப் பிரபுக்கள் விரும்பாத அளவுக்கு. அந்த அவையிலும் உயர்ந்தோர், தாழ்ந்தோர் உண்டு. பூக்கா தாழ்ந்த தட்டைச் சேர்ந்தவன். யோசிக்கும் பெண்ணை அவன் தேடிப்பிடித்ததற்கு அதுவும் காரணம். அவனுடைய காதலில் இப்படி ஓர் அரசியல் இருப்பது அந்தப் பாத்திரத்துக்கு ஆழம் தருகிறது.

எதிர்ப்பக்கத்தில் வில்லி சில்வர். எடியின் புதிய குழுவில் சேரும் அழகன், அபாரமான கலைஞன், அவளுடைய முதல் ஈர்ப்பு. அவனும் தேவதை இனத்தான், அதுவும் மேட்டுக்குடியைச் சேர்ந்தவன், அதை மறைத்துப் பழகியிருக்கிறான் என்று தெரியவரும்போது அவளுக்கு ஏற்படும் காயத்தை நாவல் அவசரப்படாமல் எழுதுகிறது. சொல்லிவிட்டுத் தவறு செய்தவன் ஒருவன், மறைத்துக்கொண்டு அன்பாயிருந்தவன் இன்னொருவன் என்ற எதிர்நிலை நன்றாக அமைந்திருக்கிறது. குறை என்னவென்றால், வில்லியின் குட்டு உடைந்தவுடன் தேர்வு எளிதாகிவிடுகிறது. எடி இருவரையும் நிறுத்திவைத்து எடைபோட வேண்டிய கட்டாயமே வரவில்லை. முக்கோணக் காதலைப் படிக்கும்போது, தோற்பவர் தன் குறையால் தோற்றாரா, கதையின் வசதிக்காகத் தோற்கடிக்கப்பட்டாரா என்று பாருங்கள். இங்கே இரண்டும் கலந்திருக்கிறது.

இன்னொன்று. பூக்காவுக்கு நாவல் முழுவதும் பெயரே கிடையாது; ‘பூக்கா’ என்றே அழைக்கப்படுகிறான். தேவதைகளின் உண்மைப் பெயரை அறிந்தவருக்கு அவர்கள்மேல் ஆதிக்கம் உண்டு என்பது பழைய நாட்டார் நம்பிக்கை. காதலியின் வாயில்கூடப் பெயரில்லாதவனாக ஒருவனை நிறுத்தி, அப்படியும் அவனை மறக்க முடியாத பாத்திரமாக்கியது எழுத்தாளரின் கைத்திறன்.

படி 6: நாயகிக்கு வேலை இருக்கிறதா?

காதலும் ஆபத்தும் வராத நாளில் நாயகி என்ன செய்வாள் என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும். எடியைப் பற்றிச் சொல்ல முடியும்: தோழி கார்லா டிரம்ஸில், டேன் கீபோர்டில், பேசாத ஹெட்ஜ் பேஸ் கிட்டாரில், வில்லி கிட்டாரில் என்று புதிய குழுவைக் கட்டி ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த ஒத்திகைக் காட்சிகள் நாவலின் உயிர். ஒரு பாட்டில் ஐந்து பேரும் ஒருவரையொருவர் கேட்கத் தொடங்கும் அந்தக் கணத்தை, உள்ளிருந்து அறிந்தவர் எழுதுகிறார் என்று வரிக்கு வரி தெரிகிறது. எம்மா புல்லும் இசைக்குழுக்களில் பாடியவர்தான். எடியின் மாய ஆற்றல் பின்னால் இந்த இசையிலிருந்தே வருவதால், அது வானத்திலிருந்து விழுந்த வரமாகத் தோன்றுவதில்லை. உழைத்துப் பெற்றது போலிருக்கிறது.

படி 7: வில்லன்

இதில் நெடுநேரம் நிற்க வேண்டாம். வில்லன் வேண்டுவதற்கு ஒரு நியாயமாவது இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அன்சீலி அவையின் அரசி அச்சமூட்டுகிறாள், அழகாயிருக்கிறாள், அதற்கு மேல் இல்லை. அவள் வென்றால் நகரம் அழியும் என்கிறார்கள்; அவளுக்கு நகரம் எதற்கு என்பது தெளிவில்லை. பூக்காவுக்குக் கொடுத்த சிக்கலில் பத்தில் ஒரு பங்கை அவளுக்குக் கொடுத்திருக்கலாம்.

படி 8: மொழியையும் காலத்தையும் பாருங்கள்

இசையைத் தாளில் எழுதுவதில் ஓர் இயல்பான தடை உண்டு. பாடல் வரிகள் நாவலில் வருகின்றன, மெட்டு வருவதில்லை. ஒத்திகையில் குழுவின் உறவை எழுதும்போது வெல்லும் நாவல், பாட்டையே முன்னால் வைக்கும்போது தளர்கிறது. கடைசி மோதல் இசையால் நடப்பதால் இந்தத் தளர்ச்சி மிக முக்கியமான இடத்தில் வந்து நிற்கிறது. நாவலின் ஆகப்பெரிய பலமும் அதன் பலவீனமும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. உங்கள் விமர்சனத்தில் இப்படிப்பட்ட ஓர் இடத்தையாவது பிடித்துவிடுங்கள்.

உடைகள் இன்னொரு விஷயம். யார் என்ன சட்டை, என்ன நிறம், என்ன துணி என்று விரிவாக வருகிறது. எண்பதுகளின் ராக் உலகில் உடை ஒரு மொழி. ஆடம்பரமாக உடுத்தும் பூக்காவைப் பொறுத்தவரை அது குணச்சித்திரம். மற்ற இடங்களில் வேகத்தைக் குறைக்கிறது. இங்கே தேதியைப் பார்த்துச் சலுகை கொடுக்கலாம். சம்மதம் பற்றிய கேள்வியில் அந்தச் சலுகை கூடாது. எதற்குக் காலத்தைக் காரணம் காட்டலாம், எதற்குக் காட்டக்கூடாது என்ற கோட்டை நீங்களே வரைந்து, விமர்சனத்திலும் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

படி 9: எழுதுங்கள்

நிறைகள் ஒரு பட்டியல், குறைகள் ஒரு பட்டியல் என்று பிரிக்காதீர்கள். ஒட்டுக்கட்டிய இடத்திலிருந்து தொடங்குங்கள். கதைச் சுருக்கம் ஐந்து வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். திருப்பத்தை உடைக்காமல் ஒரு குறையை விளக்க முடியாது என்றால், எச்சரித்துவிட்டு உடையுங்கள். மறைத்துப் பூசி மெழுகினால் வாசகருக்கு ஒன்றும் விளங்காது. நட்சத்திரக் குறி போடாதீர்கள். மாறாக, யாருக்கு இந்த நாவல் பிடிக்கும், யார் இடையில் மூடிவைப்பார் என்று பெயர் சொல்லாமல் ஆளைக் காட்டுங்கள்.

நான் எழுதினால் என் முதல் பத்தி இப்படி இருக்கும்:

“சாவில்லாத ஒருவன், சாகக்கூடிய ஒருத்தியைப் போருக்கு இழுத்துவருகிறான், அவள் அருகில் நிற்பதாலேயே அவனும் சாகக்கூடியவன் ஆகிறான். இந்த ஒரு விதியின்மேல் எம்மா புல் ஒரு நகரத்தையும் ஒரு காதலையும் ஓர் இசைக்குழுவையும் நிறுத்தியிருக்கிறார். இசைக்குழுவில் இருந்தவர்கள், இருக்க ஆசைப்பட்டவர்கள், இரவில் தம் ஊரின் கடைவீதி வேறு முகம் காட்டுவதைப் பார்த்து நின்றவர்கள் இதை இரண்டாம் முறையும் படிப்பார்கள். ‘முடியாது’ என்று சொன்ன பெண்ணின் வீட்டுக்குள் ஒருவன் நுழைந்து தங்குவதை எந்தக் காரணத்துக்காகவும் பொறுக்க முடியாதவர்கள் தொடக்க அத்தியாயங்களிலேயே மூடிவிடுவார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.”